குழாய்க்காரன் மகளுக்கு வந்த வயித்துப்போக்கு

என் தம்பிக்கு எல்லாரும் வச்ச பேரு வால்வு. குழாய் ரிப்பேர்தான் தொழில். சும்மா உட்காருன்னா உட்கார மாட்டான். சாப்பிட்டுக்கிட்டே எழுந்து போய் சிங்க் அடியில கையை விட்டு, ஈரமா இருக்கான்னு தடவிப் பார்ப்பான். ஒண்ணும் இருக்காது. எனக்குக் கடுப்பா வரும்.

அவன் மகளுக்கு மூணு வயசு. வயித்துப்போக்கு நின்னா நாலு நாள்கூட நல்லா இருக்காது, திரும்ப ஆரம்பிச்சிடும். தண்ணிதான் காரணம்னு முடிவு கட்டி, வீட்டுக் குழாயை எல்லாம் பிடுங்கிட்டுப் புதுசு போட்டான். தொட்டியைக் கழுவினான், தண்ணியைக் காய்ச்சினான். அதெல்லாம் செய்ய வேண்டியதுதான், குத்தம் சொல்லலை. அப்பவும் நிக்கலை. அதுக்கப்புறம்தான் தொரை தன் மூளையை உபயோகிச்சாரு.

"அக்கா, லைன் ஒழுகினா முதல்ல என்ன பண்ணுவோம்? வால்வை மூடுவோம். வயிறும் அப்படித்தானே?"

மூடிட்டான். முட்டை கிடையாது, கீரை கிடையாது, பால் கிடையாது, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. வெறும் கஞ்சி. வயித்துப்போக்கு நின்ன பிறகும், திரும்ப வந்துடுமோன்னு அதே கஞ்சி. அவன் பொண்டாட்டி காலையிலேயே தையல் கம்பெனிக்குப் போயிடுவா, சமையல் இவன்தான். அவ கேட்டா சண்டை, நான் கேட்டா முறைப்பு. குழந்தையைத் தூக்கினா எலும்புதான் கையில குத்தும். இது நமக்குத் தங்குமான்னு தோணும்.

ஒரு நாள் பொழுது சாயுற நேரம், இன்னும் லைட் போடலை. என்னைப் பார்த்து ஓடிவந்த குழந்தை நேரா நாற்காலியில மோதி விழுந்துச்சு. எழுந்து சுவத்தைத் தடவித் தடவி வந்துச்சு. "அத்தை, எங்க இருக்கீங்க?"ன்னுச்சு. நான் எதிர்லதான் நிக்கிறேன்!

அள்ளி இடுப்புல வச்சுக்கிட்டு கிளினிக்குக்கு நடந்தேன். அவன் ஸ்பேனரைக்கூட கீழே வைக்காம பின்னாடியே ஓடிவந்தான்.

டாக்டரம்மா கண்ணைப் பார்த்தாங்க, கஞ்சிக் கதையைக் கேட்டாங்க, வாயில வைட்டமின் மருந்து ஊத்தினாங்க.

"வைட்டமின் ஏ ரொம்பக் குறைஞ்சுபோச்சு. அதான் இருட்டினா கண்ணு தெரியலை. குடலுக்கு உள்பக்கம் ஒரு தோல் இருக்கு, கிருமியை உள்ள விடாது. அது தேஞ்சு தேஞ்சு புதுசா வளர்றதுக்கு இந்தச் சத்து வேணும். கிருமியோட சண்டை போடுற அணுக்கள் குடலுக்குப் போய்ச் சேர்றதுக்கும் இதுதான் வேணும். வயித்துப்போக்கு வந்தா உடம்புல இருக்கிற சத்தும் போயிடும். நீங்க சாப்பாட்டுல வர்றதையும் நிறுத்திட்டீங்க. காவல்காரனைப் பட்டினி போட்டுட்டு, திருடன் வர்றான்னு அழுதா எப்படிங்க?"

"அப்ப இன்னும் ரெண்டு பங்கு ஊத்துங்க டாக்டர்!"ன்னான் தம்பி.

"ஐயய்யோ, அளவு மீறினா அதுவே ஆபத்து. அடுத்தது எப்பன்னு நான் சொல்றேன். நீங்க முட்டை, கீரை, கேரட், பூசணி குடுங்க. கொஞ்சம் எண்ணெய் சேருங்க, இல்லேன்னா இந்தச் சத்து உடம்புல சேராது. திரும்ப வயித்துப்போக்கு வந்தா உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் குடுங்க, உடனே கூட்டிட்டு வாங்க. ஆனா சாப்பாட்டை மட்டும் நிறுத்தாதீங்க."

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் குடுத்தான், கண்ணு சீக்கிரமே சரியாச்சு. குழந்தை கொஞ்சம் சதை போட்டா. நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்டோம். விட்டோமோ இல்லையோ, மழை பிடிச்சதும் திரும்ப வயித்துப்போக்கு.

கிளினிக்குல காட்டிட்டு வந்தாச்சு. கரைசல் குடிச்சாச்சு. இனி சாப்பாடு. அவிச்ச முட்டையைப் பிசைஞ்சு தட்டுல வச்சுக்கிட்டு நிக்கிறான், ஊட்டலை. எனக்கும் பயம்தான், பொய் சொல்லுவானேன்.

"அக்கா, குடுக்கட்டுமா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"குடுடா."

ஒரு வாய் ஊட்டினான். குழந்தை மென்னா, முழுங்கினா. தட்டு காலியாச்சு.

"அப்பா, இன்னொரு முட்டை."

அந்தக் குழந்தை வாயைத் திறந்து சாப்பாடு கேட்டு எத்தனையோ மாசமாச்சு. அடுப்படிக்கு ஓடினவன், முட்டையை அடுப்புல வச்சுட்டு, சுவத்துல தலையை முட்டிக்கிட்டு ஓன்னு அழுதான். பாத்திரத்துல தண்ணி வத்தி முட்டை கருகிப்போச்சு. குழந்தை அதையும் தின்னா.