பழைய வீட்டு வாசலில் ஏறியவள்

என் பள்ளி வேனில் ஏறும் பிள்ளைகளை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏறுகிற இடம்தான் பெயர். "பாச்சாங், ஜன்னல சாத்து. புக்கிட் காத்தில், பேக்க மடியில வையி லா." அவர்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். அபூர்வமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று முழிப்பார்கள்.

புக்கிட் காத்தில் பெண்ணுக்கு அது பள்ளிப் படிப்பை முடிக்கிற எஸ்.பி.எம். பரீட்சை ஆண்டு. வேனிலேயே மூத்தவள். முன்பெல்லாம் ஹார்னை அடித்து அடித்து என் கை ஓய்ந்த பிறகுதான் வீட்டிலிருந்து தலை தெரியும். அந்த வருஷம் எப்போது போனாலும் கேட்டுக்கு வெளியே தயாராக நின்றாள். பேச்சும் குறைந்துபோனது. பரவாயில்லை, பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சிக்கொண்டேன். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டால் பெரியவர்களுக்கு அது பொறுப்பாகத்தான் தெரியும்.

ஒருநாள் காலை அந்த கேட்டைத் திறந்துகொண்டு ஒரு சீனப் பெண்மணி வந்து என் கண்ணாடியைத் தட்டினார். வீட்டை வாங்கிக் குடிவந்து மாதக்கணக்காகிறதாம். இந்தப் பெண் தினமும் இருட்டோடு வந்து தன் வாசலில் ஏன் நிற்கிறாள் என்று மலாயில் கேட்டார். குரலில் கோபமில்லை, கவலைதான். வேனுக்குள் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பள்ளியில் மற்றவர்கள் இறங்கியதும் அவளை நிறுத்தினேன்.

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கோயில் ஹால்ல, ஆண்ட்டி."

சுங்கை ஊடாங்கில் பார்த்த குத்தகை வேலை முடிந்ததும் அவள் அப்பா ஜொகூருக்கு வேலை தேடிப் போனார். போனவர் போனவர்தான். வாடகை கட்ட முடியவில்லை, வீட்டுச் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார். கொஞ்ச நாள் மாமா வீடு, அங்கே முகம் கோணியதும் கோயில் மண்டபத்தின் பின்னறை. கல்யாணம் நடக்கிற நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய் உட்கார வேண்டும். அங்கிருந்துதான் தினமும் பழைய வீட்டு வாசலுக்கு நடந்து வந்திருக்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோயில் வாசல்ல வந்து ஏத்திக்க மாட்டேனா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அம்மாதான் சொல்லக்கூடாதுன்னாங்க. வீடு இல்லன்னு தெரிஞ்சா ஸ்கூல்ல பேர வெட்டிருவாங்களாம். எஸ்.பி.எம். எழுத முடியாதாம்."

மதியமே கோயிலுக்குப் போனேன். அவள் அம்மா சாப்பாட்டுக் கடையில் மங்கு தட்டு கழுவுகிறவர். கை ஊறிப்போய் வெளுத்திருந்தது. எவன் சொன்னான் இந்தக் கதையை என்று நான் சத்தம் போட, அவர் பதறாமல் என்னைப் பார்த்தார்.

"நீங்க ரப்பர் தோட்டத்துல இருந்ததில்லையாக்கா? எங்கப்பாவுக்கு வேல போச்சு. வேல போனதும் லயத்து வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீடு போனதும் தோட்டத்துப் பள்ளிக்கூடமும் போச்சு. அதோட நான் படிக்கல. இவளுக்கும் அப்படி ஆயிரக்கூடாதுக்கா."

நான் பட்டணத்தில் பிறந்தவள். வேலை, வீடு, பள்ளி மூன்றும் ஒரே முடிச்சாக இருந்த இடம் எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த பள்ளி அது ஒன்றுதான். இருந்தாலும் விடவில்லை. இன்றைக்கு அந்தச் சீனப் பெண்மணி என்னிடம் கேட்டார், நாளைக்குப் பள்ளிக்கே போன் போடுவார், அதற்கு முன்னால் நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

மறுநாள் மூன்று பேரும் பள்ளிக்குப் போனோம். வழியெல்லாம் தைரியம் சொன்னேனே தவிர, எனக்கும் பயம்தான். நிஜமாகவே பெயரை வெட்டிவிட்டால்? பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் படிப்பில் என் வாயால் மண் விழுந்ததாக ஆகிவிடும்.

மாணவர் நலனைக் கவனிக்கிற ஆசிரியை தமிழர். நாற்காலியைக் காட்டியும் அம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"பேர வெட்டுறதா? யாரும்மா சொன்னது?" என்றார் ஆசிரியை. "வீடு எங்க இருந்தாலும் சரி, வீடே இல்லாட்டியும் சரி, இவ இங்கதான் படிப்பா, இங்கதான் பரீட்ச எழுதுவா. யாரும் போகச் சொல்ல முடியாது. அது அவ உரிமை. முன்னாடியே வந்திருந்தா காலையில சாப்பாட்டுக்காவது நான் ஏற்பாடு பண்ணியிருப்பேனே."

அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே வேன் வழியை மறிக்கிறது என்று காவலாளி கூப்பிட்டும் நான் எழுந்திருக்கவில்லை.

அம்மா மட்டும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப எங்கப்பாவுக்கு வேல போனப்ப, யாராச்சும் பள்ளிக்கூடத்துல வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, என்னையும் படிக்க விட்டிருப்பாங்களா டீச்சர்?"