அக்காவின் வேம்பும் அந்தியேட்டிக் காகமும்

பெண் குயிலைப் பருந்துக் குஞ்சென்று நினைத்துச் செருப்பால் எறிந்தவன் நான். சின்ன வயதில் அல்ல. தலை நரைத்து, நாலு பேர் கூடும் இடத்தில் பேச அழைக்கப்படுகிற காலத்தில். அக்காவின் தேன்சிட்டுகளைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நிமிர்ந்தால், செருப்பு பக்கத்து வீட்டுக் காரின் மேல் கிடக்கிறது. அக்கா ஜன்னலருகில் நின்று சொன்னார்: "அது குயில் பேடு, தம்பி. எந்தப் பறவையெண்டாலும் முதல் கண்ணைப் பாரடா."

அக்கா பிறந்தது பருத்தித்துறைக் கடற்கரையோரம். பூவரசில் குருவி அடங்கும் சத்தத்தை வைத்தே காற்று திரும்புவதைச் சொல்லிவிடுவார். போர் அந்த வீட்டையும் அத்தானையும் கொண்டுபோனது. கைக்குழந்தையோடு வெள்ளவத்தைக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் கொம்பனியில் தட்டச்சு செய்து மகளைப் படிப்பித்தார். கடல்பக்க ஒழுங்கையில் ஒரு கீழ்வீடு. முற்றத்தில் ஒற்றை வேம்பு. அதன் உச்சியில் காகக் கூடு, தாழ்ந்த கொப்பில் தேனடை. பஸ்ஸில் நசுங்கி வந்தவர் கைப்பையை வைக்குமுன் மரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்.

"அன்ரி, எச்சமெல்லாம் காரில விழுது" என்று மேல்வீட்டுக்காரர் முறையிட்டால், "காரைத் தள்ளி விடுங்கோ, மகன். மரத்தைத் தள்ள ஏலாது" என்பார்.

ஏலும் என்று காட்டியவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அக்கா இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் நாள் நான் சாமான் வாங்க ஜிந்துப்பிட்டிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது வேம்பு இருந்த இடத்தில் பந்தல் நின்றது. தேனடையைப் புகை போட்டுக் கலைத்திருந்தார்கள். காகக் கூடு குஞ்சுகளோடு குப்பையில்.

"தேனீ சனத்துக்குக் குத்தினா ஆர் பதில் சொல்லுறது?" என்றார் பந்தலுக்குப் பொறுப்பாயிருந்த பெரியத்தான். "எல்லாம் அவவின்ரை காரியம் வடிவா நடக்கத்தானே."

அவவின் காரியமாம்! வாழ்நாளெல்லாம் ஒரு கொப்பை முறிக்க விடாதவருக்கு நாங்கள் செய்த மரியாதை அது.

மறுநாள் மதியம் மதிலின் மேல் இலை போட்டுச் சோறும், அக்காவுக்கு விருப்பமான பப்பாசிப்பழமும் வைத்துவிட்டு எல்லோரும் கா கா என்று கூப்பிட்டோம். கூட்டைப் பிய்த்தவரின் தொண்டைதான் எல்லாவற்றிலும் பெரிது. ஒரு காகமும் எட்டிப் பார்க்கவில்லை. சோறு காய்ந்தது. அப்போது மாமி பெருமூச்சு விட்டார்: "மனக்குறையோட போயிட்டா. மகளின்ரை கலியாணத்தைப் பாக்கேல்லை எல்லே. பெட்டை ஒண்டுக்கும் ஓமெண்டேல்லையே."

எல்லாக் கண்களும் அக்காவின் மகள், என் மருமகள் பக்கம் திரும்பின. தாய் படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் வேலையை விட்டுப் பக்கத்தில் இருந்தவள் அவள். கையில் சோற்றுத் தட்டத்தோடு தலை குனிந்து நின்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "குறை அக்காவுக்கு இல்லை, மாமி, காகத்துக்கு! குஞ்சைக் குப்பையில போட்டுட்டு விருந்துக்குக் கூப்பிட்டா எது வரும்? நீங்கள் வருவியளோ? அக்கா ஆரிட்டையும் கலியாணம் கேட்கேல்லை. மரத்தை விடுங்கோ எண்டுதான் கேட்டவ!"

ஒழுங்கை முழுவதும் கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கறுப்பாக ஒன்று மதிலில் வந்திறங்கி, இலையிலிருந்து பப்பாசித் துண்டைக் கொத்தியது. "பாருங்கோ, வந்திட்டுது! எங்கை குறை?" என்று கத்தினேன். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரியத்தான் கைகூப்பினார். பிறகு யாரும் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, பந்தி நடந்தது.

ஓராண்டு போய்விட்டது; இது அக்காவின் நினைவு மலருக்கு எழுதுவது. அக்காவை இரவுபகல் பார்த்த தாதிமாருக்கும், சுடுசோறு கொண்டுவந்த கிருலப்பனைச் சிநேகிதிக்கும், எச்சத்தை மறந்து தோள்கொடுத்த மேல்வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்தல் போட்டவர்களையும் சேர்க்கும்படி மருமகள் சொன்னாள், சேர்த்திருக்கிறேன். நிழலுக்காக மரத்தை வெட்டித் தகரம் போட்டவர்களுக்கும் நன்றி.

அன்று சனம் கலைந்த பிறகு, வென்ற மிதப்பில் கைகழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் தண்ணீர் ஊற்றியபடி மெல்லக் கேட்டாள்:

"மாமா, கண்ணைப் பாத்தனீங்களோ? சிவப்பு. அது ஆண் குயில்."