மும்தாஜ் அக்காவிடம் சொன்ன சொல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, கொடுத்த ஒரு வார்த்தையால் என் வீட்டில் சமாதானம் போயிருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. விளாங்குடியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதம், ஒரு மத்தியான நேரம். கடைக்கு எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்காமல், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தது. ஓரமாக நின்றிருந்த காதர் பாய் அதன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். பக்கத்துத் தெருக்காரர். அதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி மும்தாஜ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருதான் குறுக்க ஓடுனாருன்னு போலீஸ்ல எழுதிட்டாங்கம்மா. நீ பாத்தத கோர்ட்ல வந்து சொல்லுவியா?"

"வாரேன்க்கா. கண்டிப்பா சொல்லுவேன்" என்றேன்.

அந்த வேனின் சொந்தக்காரர் யாரென்று எனக்கு அப்போது தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் தாஸ் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் சபை மூப்பர் ஜேக்கப் அண்ணனுடைய வேன். அவரிடம்தான் தாஸும் இன்னொரு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

காதர் பாய் பிழைத்தார். ஆனால் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. வழக்கு நடந்தது. எனக்குச் சம்மன் வந்ததும் ஜேக்கப் அண்ணன் வீடு தேடி வந்தார். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, உன்னைய நான் பொய் சொல்லச் சொல்லல. அன்னைக்கு உடம்பு சரியில்லன்னு வராம இருந்துரு. அம்புட்டுதான். சபைப் பேரு கெட்டுரக் கூடாதுல்ல."

"அதுவும் பொய்தானேண்ணே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் போன பிறகு தாஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாருக்கோ குடுத்த வாக்கு பெருசா, நம்ம பிள்ளைக பெருசா?" அதன் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார வந்தவர்கள் வேறு இடம் பார்த்துப் போனார்கள். அந்நியர் யாரும் என்னை நெருக்கவில்லை. விசுவாசிகளே நெருக்கினார்கள். அதுதான் அதிகமாக வலித்தது.

கடையில் மெஷினில் தலை சாய்த்து, "ஆண்டவரே, இந்த வாய்தா தள்ளிப்போகட்டும்" என்று கெஞ்சினேன். தள்ளிப்போனது. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலமே மும்தாஜ் அக்கா கடைக்கு வந்தார். "அடுத்த வாய்தாவுக்கும் வருவேல்ல ஸ்டெல்லா? உன்னையத்தான் நம்பியிருக்கோம்" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு என் ஜெபம் மாறியது. "அப்பா, தப்பிக்க இனி வழி கேட்க மாட்டேன். சொல்ல எனக்கு வாயைத் தாரும். என் வீட்டுக்காரரை என்னோடு நிற்க வையும்" என்று அழுதேன். அப்படியே தினமும் கேட்டேன். வீட்டில் ஒன்றும் மாறவில்லை. கர்த்தர் கேட்கிறாரா என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

கோர்ட்டுக்குப் போகவேண்டிய காலை வந்தது. பஸ்ஸுக்குப் புறப்பட்டுக் கீழே இறங்கினேன். வாசலில் தாஸ் பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்.

"ஏறு" என்றார்.

"வேலைக்குப் போகலையா?"

"ஜேக்கப் அண்ணன்ட்ட சொல்லிட்டேன். எம் பொண்டாட்டிகூடப் போறேன்னு."

வழியெல்லாம் நான் அவர் முதுகில் முகம் வைத்து அழுதுகொண்டே போனேன்.

கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல், "உங்க வீட்டுக்காரரோட முதலாளிக்கு எதிராவே சாட்சி சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார்.

"எதிரா இல்ல சார். பாத்தத சொல்றேன். சொல்றேன்னு அந்த அக்காகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

அந்த வார்த்தைகளை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கர்த்தர்தான் என் வாயில் வைத்தார் என்று நம்புகிறேன்.

வேன் மீதுதான் தவறு என்று தீர்ப்பானது. காதர் பாயின் மருத்துவத்துக்கு வழி பிறந்தது. தாஸுக்கு அந்த வேலை போனது. இப்போது வாடகை ஆட்டோ ஓட்டுகிறார், கஷ்டம்தான். ஜேக்கப் அண்ணன் குடும்பம் இன்றும் எங்களோடு பேசுவதில்லை. திருவிருந்து நாளில் அது என் நெஞ்சை அறுக்கிறது. அவர்களுக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஒன்று மாறியிருக்கிறது. "நாளைக்கு வாங்க, ஜாக்கெட் ரெடியா இருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லும் பழக்கம் தையல்காரர்கள் எல்லாருக்கும் உண்டு. இப்போது முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் காத்த உண்மையைக் கடையில் விட்டுவிட்டால் நான் யார்?

பிரியமானவர்களே, யாரிடமாவது வார்த்தை கொடுத்துவிட்டு இன்று பயந்துகொண்டிருக்கிறீர்களா? அதிலிருந்து விடுதலை வேண்டும் என்று கேட்காதீர்கள். நிற்கப் பெலன் கேளுங்கள். நம்மை நம்பி ஒருவர் காத்திருக்கிறார். அவருக்கு நம் தேவனைத் தெரியாமல் இருக்கலாம். நம் வார்த்தையை வைத்துத்தான் அவர் நம் தேவனை அறிவார்.