மரியாதைப் பதில்

கமலவேணி அம்மா காலமான செய்தி, ஓரத்தில் கறுப்பு மை தடவிய அஞ்சலட்டையில் வந்தது. அவருடைய தம்பி எழுதியிருந்தார். துக்கக் கார்டை வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்குக் கை வரவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு திருச்சுழி வெயிலில் நெடுநேரம் நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்லூரியில் உளவியல் கற்பித்தவர். எழுபதுகளில், மழை பொய்த்த ஒரு வருஷம், நான் நர்சாக இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். கிராமத்து நர்சுகளின் மனச்சோர்வைப் பற்றி ஆராய்ச்சி என்றார்.

"மனச்சோர்வா? எங்களுக்குக் கால்சோர்வுதாம்மா. பஸ்ஸு போகாத ஊரு பத்து இருக்கு" என்றேன் நான், துடுக்காக.

அம்மா கோபப்படவில்லை. "கால்வலி தூங்கி எந்திரிச்சாப் போயிரும். தூங்கி எந்திரிச்சும் போகாத களைப்பு ஒண்ணு இருக்கு நர்சம்மா. அதைத்தான் தேடி வந்திருக்கேன்" என்றார்.

அவரை ஊர் ஊராக அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு. கேள்வித்தாள் ஒன்று வைத்திருந்தார். காலையில் கிளம்பும்போதே அலுப்பாக இருக்கிறதா, அழுகிறவர்களைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாமல் போகிறதா என்பவை போன்ற கேள்விகள். 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று குறிக்க வேண்டும். எங்கள் நர்சுகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' குறித்துக் கொடுத்தார்கள். மேலே போகிற காகிதமோ என்ற பயம். படித்த பெரியவர்கள் கேட்டால் குறை சொல்லக் கூடாது என்ற பழக்கம் வேறு. அம்மா அந்தத் தாள்களின் மூலையில், 'மரியாதைப் பதில். மறுபடி கேட்க வேண்டும்' என்று பென்சிலால் எழுதித் தனியே வைப்பார். அதற்காகவே இன்னொரு நாள் பஸ் ஏறி வருவார்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். "உங்களைப் பத்தி வேணாம். கூட வேலை பாக்குறவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். பந்தல்குடி நர்ஸ் லட்சுமி என்னையே கைகாட்டிவிட்டாள்.

"இந்த அக்காவத்தான் சொல்லணும். முன்னெல்லாம் பிரசவம் பாத்துட்டு வந்தா, பிள்ளை யாரு சாடைன்னு ரெண்டு நாளு பேசுவாக. இப்ப எடையை எழுதிட்டு நோட்டை மூடி வச்சிர்றாக."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான். அன்றே அம்மா எங்கள் டாக்டரிடம் வாதாடி எனக்குப் பதினைந்து நாள் விடுப்பு வாங்கித் தந்தார். நான் மறுபடி மனுஷியானது அந்தப் பதினைந்து நாளில்தான்.

இரண்டு வருஷம் எங்கள் எல்லாருடைய அழுகையையும் அவர் ஒருவரே கேட்டார். மூன்றாம் வருஷம் வந்தபோது ஆள் வேறாக இருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், கேள்வித்தாளில் போட்ட எண்ணைப் பார்த்து, "பதினேழாம் நம்பரை வரச் சொல்லுங்க" என்றார். பாளையம்பட்டியில் ஒரு நர்ஸ், தன் கையில் இறந்துபோன சிசுவைச் சொல்லி அழுதபோது கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. படிப்புத் திமிர் என்று நினைத்தேன். தினமும் வாசித்த அந்தக் கேள்விகள் கண்ணெதிரே ஆளாக நின்றும் மடச்சி எனக்கு உறைக்கவில்லை.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம் ஒரு கேள்வித்தாளை நீட்டினார். "நானும் உங்க கூட வேலை பாக்குறவதானே? என்னைப் பத்தி நீங்க எழுதுங்க நர்சம்மா" என்றார், விளையாட்டுப் போல.

எனக்குக் கூசியது. அவரைப் பற்றிப் போய் நான் குறை எழுதுவதா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' குறித்தேன். "உங்களுக்கென்னம்மா, ராசாத்தியாட்டம் இருக்கீக" என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "சரி" என்று மட்டும் சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் வரவே இல்லை. ஆராய்ச்சியை, வேலையை, எல்லாவற்றையும் விட்டுவிட்டார், யாரிடமும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. பாவி, ஒரு பஸ் பயணம்தானே?

கருமாதிக்குத்தான் போனேன். "காய்ச்சல்தான். ஆனா எந்திரிக்கணும்னு அக்காவுக்கு மனசே இல்லை" என்றார் தம்பி. என் பெயர் எழுதிய உறை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே அந்தத் தாள். வரிசையாக என் 'இல்லை'கள். மூலையில் பென்சில் எழுத்து: 'மரியாதைப் பதில். மறுபடி கேட்க வேண்டும்.'

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே தாளை மடியில் விரித்தேன். ஒவ்வொரு 'இல்லை'யையும் அடித்துவிட்டு 'ஆமாம்' குறித்தேன். அருப்புக்கோட்டை வருவதற்குள் முடிந்துவிட்டது. மொத்தமே அவ்வளவு நேர வேலைதான்.

போய் வாருங்கள் அம்மா. பதிலைத் திருத்திவிட்டேன். நீங்கள் மறுபடி கேட்க வேண்டியதில்லை.