எந்த லைனைக் கேட்டீர்கள்?

சூப்பர்வைசர் சார், என் கூட்டாளியைக் கொன்றது நீங்கள்தான். விசாரணையில் ‘தகவல் குழப்பம்’ என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அந்தக் குழப்பத்தில் என் வாயும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் வில்லாபுரத்துக்காரர்கள். உசிலம்பட்டிப் பக்கம் உங்கள் மில்லில் ஒப்பந்த எலக்ட்ரீசியன்கள். எங்களுக்கு எல்லாமே லைன்தான். கம்பியும் லைன், கம்பியில் ஓடுகிற கரண்டும் லைன், போனும் லைன். டீக்கடையில் நான் முந்திக்கொண்டு போனால், “மாப்ள, லைன்ல வா. ஒங்க மாமனார் கடையா இது?” என்பான். பஸ்ஸில் ஒரு பெண்ணை ஏறிட்டுப் பார்த்தாலும் விடமாட்டான். “லைன் விடுறியாக்கும்? இந்த மூஞ்சிக்கு சப்ளையே வராதுடா.” ஒருநாளும் நாங்கள் குழம்பியதில்லை. பக்கத்தில் நின்று பேசும்போது எந்த லைன் என்று முகத்திலேயே தெரிந்துவிடும்.

அன்று மதியம் மில்லுக்குப் பின்னால் அவன் கம்பத்தில் ஏறியிருந்தான். நான் கீழே நின்றேன். கரண்டை நிறுத்திவிட்டு நீங்கள் முன்பக்க ஸ்விட்ச் ரூமில் இருந்தீர்கள். வேலை தொடங்கும்போது நீங்கள் ஒரு தாள் தருவீர்கள்; வேலை முடிந்து ஆள் இறங்கியதும் நாங்கள் அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் நீங்கள் கரண்ட் விட வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயரே லைன் கிளியர். அன்று நீங்கள் தாளே தரவில்லை. “போன்ல சொன்னாப் போதும்ப்பா” என்றீர்கள்.

போன் வந்தது. சுவரோரம் சிக்னல் சரியாக இருக்காது. உங்கள் பேச்சு துண்டு துண்டாகக் கேட்டது.

“லைன் கிளியரா இல்ல சார், இருங்க, அந்தப் பக்கம் வாரேன்” என்று கத்திக்கொண்டே வேப்பமரம் வரை ஓடினேன்.

“இப்ப லைன் கிளியரா?”

“கிளியர் சார். சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டீர்கள். திரும்பிப் பார்த்தேன். அவன் இடுப்பு பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏண்ணே, கிளியர்னு நீங்கதான் சொன்னீங்களாமே? அவர் மேல இருக்கையிலயா சொன்னீங்க?”

“ஆமா” என்றேன். பிறகு போனைக் காட்டி விளக்கினேன்.

“ரெண்டுக்குமா ஒரே பேரு வச்சிருக்கீங்க?” என்றாள். அதற்குமேல் என்னோடு அவள் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

நான் சொன்னது போனை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ‘ஆள் இறங்கிட்டானா?’ என்று கேட்க இரண்டு வார்த்தை போதும். ஏன் கேட்கவில்லை? தாள் ஏன் தரவில்லை?

ஆபீஸ் அறைக்குள் எழுதிக் கொடுத்தது எனக்குப் போதாது. ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் கேட்டுக்கு வாருங்கள். இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருப்பார்கள். அவளையும் வரச் சொல்கிறேன், நானும் நிற்கிறேன். அத்தனை பேர் முன்னால் அவளைப் பார்த்துச் சொல்லுங்கள்: அன்று நீங்கள் எந்த லைனைக் கேட்டீர்கள்?