சண்முகராஜ் செய்த பெட்டி

ஆயுத பூஜை அன்று காலையில் ராதாமணி தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து, மிதிகட்டையில் சுற்றியிருந்த நூல் பிசிறுகளை ஊக்கால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். வருடத்தில் இந்த ஒரு நாள் அவள் கை படாத இரும்பு அந்த வீட்டில் கிடையாது. அரிவாள்மனை, கத்தரி, சைக்கிள், மிக்சி, கேஸ் லைட்டர் வரைக்கும் துடைத்துப் பொட்டு வைத்தால்தான் அவளுக்கு மனசு ஆறும். புரட்டாசி முடியப் போகிறது, மழை இறங்கவில்லை. ஊருக்கு வெளியே உழுது போட்ட கரிசலிலிருந்து காற்று அள்ளி வரும் புழுதி, துடைத்த இடத்திலேயே திரும்ப வந்து உட்கார்ந்தது. அவளும் திரும்பத் துடைத்தாள்.

முன்னறையின் இன்னொரு மூலையில் அவள் புருஷன் சண்முகராஜ் ஒரு பழைய ஸ்டெபிலைசர் கூட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். உள்ளே இருந்த காயிலையெல்லாம் பிடுங்கிப் போட்டாயிற்று. வெறும் தகரக் கூடு. அதற்குள் போக வேண்டியவை பக்கத்தில் பேப்பர் விரித்துக் கிடந்தன: ஒற்றை ஃபேன் வைத்த, ஒரு சாண் நீளமுள்ள கிராபிக்ஸ் கார்டு, அதற்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ், கார்டைச் செருகுகிற ஸ்லாட் பலகை, அதிலிருந்து நீளும் ஒரு முழக் கேபிள்.

சண்முகராஜுக்கு நாற்பத்தேழு வயது. எப்போதும்வென்றான் என்கிற ஊரில் பிறந்தவன். கல்யாண வீடுகளில் வீடியோ கேமராவுக்கு லைட் பிடிக்கப் போய், கேமரா பிடித்து, பிறகு கேசட்டை வெட்டி ஒட்டும் வேலைக்கு உட்கார்ந்தவன். உட்காரும் வேலைதான் அவனுக்கு ஒத்து வந்தது. நடுவில் வேலை இல்லாமல் போய் திருப்பூரில் ஆறு வருடம், ஜன்னல் இல்லாத அறையில் பனியன்களுக்குப் படம் வரைந்தான். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு. அவன் கிளம்பும்போது ராதாமணி பையில் சாப்பாட்டை வைத்து, ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீடு இருக்கிற கோவில்பட்டியிலேயே ஒரு ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை கிடைத்துத் திரும்பி வந்தான். அந்த ஸ்டுடியோவையும் சித்திரையில் மூடிவிட்டார்கள். முதலாளி போகும்போது டிபன் பாக்ஸ் அளவில் இருந்த ஒரு சின்ன கம்ப்யூட்டரை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

திருப்பூரில் பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டது. விஜயதசமி கழித்துப் பதில் சொல்லச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் மதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சௌந்தரபாண்டியன் ஒரு கல்யாணத்தை ஹார்ட் டிஸ்கில் போட்டு பஸ்ஸில் அனுப்பிவைத்தார். விஜயதசமி சாயங்காலத்துக்குள் வெட்டி, நிறம் சரிசெய்து முடித்துக் கொடுத்தால் மாதா மாதம் வேலை வந்துகொண்டே இருக்கும்; வீட்டிலிருந்தே செய்யலாம். ராதாமணி அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ரேஷன் கார்டைத் தேடுவதுபோல் பீரோவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு ரேஷன் கார்டு எதுவும் தேவைப்படவில்லை.

டிபன் பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு அந்தக் கல்யாணத்தைத் தூக்க முடியவில்லை. மாலை மாற்றும் இடத்தில் மூச்சுத் திணறி நின்றுவிடும். அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டோ கம்ப்யூட்டரைவிடப் பெரிசு, அதன் வயிற்றுக்குள் நுழையாது. அதனால் கார்டை வெளியே வைத்து, தனியாகக் கரண்ட் கொடுத்து, கம்ப்யூட்டரின் அடி மூடியைக் கழற்றி, உள்ளே டிஸ்க் மாட்டுகிற இரண்டாவது ஸ்லாட்டில் ஒரு கேபிளால் இணைக்க வேண்டும். இதற்கென்றே விற்கிற பெட்டிகள் உண்டு. அவன் பழைய கார்டு ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் பெட்டியைத் தானே செய்வதென்று இறங்கினான். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்த சபியுல்லா பாய் ஸ்டெபிலைசர் கூட்டைத் தந்து, கார்டில் திரையின் ஒயரைச் செருகுகிற வாய் வெளியே தெரிகிற மாதிரி தகரத்தை வெட்டியும் கொடுத்தார். பக்கத்தில் இருந்த காற்றோட்டத் துளைகளுக்கு ராதாமணி கொசுவலைத் துணியை வெட்டித் தைத்துக் கொடுத்தாள், புழுதி போகாமலிருக்க. எதற்கு இத்தனை ஏற்பாடு என்று அவள் கேட்டபோது விளக்கினான். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்:

"உங்கள மாதிரிதான் போலுக்கு. வெளியூர்ல தனியா கெடந்து ஒழச்சு வீட்டுக்கு அனுப்புது."

அவன் சிரித்துவிட்டான்.

பெட்டியில் அடைக்காமல், மேஜையில் திறந்தபடி வைத்தே நாலு நாள் ஓட்டிப் பார்த்தான். ஓடியது. சின்ன கம்ப்யூட்டர் தனியாகப் பத்தொன்பது மணி நேரம் காட்டிய சோதனை ஓட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தது. முதல் தடவை அது முடிந்தபோது ராதாமணியைக் கூப்பிட்டுத் திரையில் நகரும் பச்சைக் கோட்டைக் காட்டினான். அவளுக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். கல்யாணத்தை முழுக்க வெட்டி, நிறமும் ஏற்றிவிட்டான். கடைசியாக மொத்தத்தையும் ஒரே படமாக ஓட்டி எடுப்பதுதான் பாக்கி. ஆனால் நாலாம் நாள் ஃபேனில் சாம்பல்போல் புழுதி படிந்து, சூடேறி, கார்டு ஒரு தடவை தானாக நின்றது. கடைசி ஓட்டத்தில் அப்படி ஆகிவிடக்கூடாது. பெட்டிக்குள் அடைத்துவிட்டு, விஜயதசமி காலையில் ஓட்டிக்கொள்ளலாம் என்று வைத்தான். பூஜை அன்றைக்கு ஆயுதத்தைத் தொட்டு வேலை செய்யக் கூடாது என்று ராதாமணியும் சொன்னாள். பெயிண்ட் காயவும் நேரம் வேண்டுமே. அரை மணி நேர வேலைதானே.

மத்தியானம் பெட்டியின் மேல்மூடிக்குத் துளை போட சபியுல்லா கடைக்குக் கிளம்பினான். ஊரில் மற்ற பட்டறைகளெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருக்க, பாய் கடை மட்டும் அன்றைக்கு சும்மா இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளே திரும்பிச் சொன்னான்.

"ஃபேன்ல மட்டும் எதையும் வச்சிராதட்டி. ஒரு பொட்டு ஒட்டுனாலும் சுத்துத வேகம் போயிரும்."

"எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் ராதாமணி.

பலகை போட்டு, புத்தகம் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தாள். தையல் மெஷினின் கழுத்தில் ஒன்று, சக்கரத்தில் ஒன்று. கத்தரியின் இரண்டு வளையத்திலும். சின்ன கம்ப்யூட்டரின் உச்சியில். கார்டைக் கையில் எடுத்தபோதுதான் யோசனை வந்தது. ஒரு பக்கம் பூராவும் ஃபேன். மறுபக்கம் ஈயப் புள்ளிகள் முள்முள்ளாகக் குத்தின. பொட்டு நிற்க இடமில்லை. ஓரமாக ஒரே ஒரு இடம் மட்டும் சமமாக, சுத்தமாக, தங்கக் கம்பிகளை நெருக்கி அடுக்கினதுபோல் மின்னியது. இந்த மாதிரிப் பொருளில் அம்மனுக்கு உரிய இடம் அதுவாகத்தான் இருக்க முடியும். அங்கே மூன்று சந்தனப் பொட்டு வைத்து, மேலே குங்குமம் தொட்டாள். ஃபேனில் ஒரு துளிகூடப் படவில்லை.

சண்முகராஜ் திரும்பி வந்தபோது சாம்பிராணிப் புகை அறையை நிறைத்திருந்தது. கார்டு ஃபேன் மேலே தெரிய, சாமந்திப் பூவுக்கு நடுவில் கிடந்தது. ஃபேன் சுத்தமாக இருப்பதைப் பார்த்தான். மனசுக்குள் அவளை மெச்சிக்கொண்டான். கும்பிட்டுவிட்டுப் பொரிகடலை தின்றான்.

மறுநாள் காலை அவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ராதாமணி பூஜையைக் கலைத்து, சாமான்களின் பொட்டுகளைத் துடைத்துவைத்திருந்தாள். சந்தனம் காய்ந்து இறுகியிருந்ததால் துணியின் நுனியை நனைத்துத் துடைத்தாள். பொட்டோடு மாட்டினால் அவனுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்பதுதான் காரணம். அவன் கார்டை ஸ்லாட்டில் அழுத்தினான். பெட்டிக்குள் எல்லாம் அச்செடுத்ததுபோல் உட்கார்ந்தது. மூடியைத் திருகினான். வேலை செய்து பார்ப்பதற்கு முன்பே அழகாக இருந்தது. ராதாமணியும் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

சுவிட்சைப் போட்டான். ஃபேன் ஒரு வெட்டு வெட்டி, அரைச் சுற்று சுற்றி நின்றது. மிக்சியை அதிகமாக ஓட்டினால் வருகிற வாசனை வந்தது. அவன் அணைத்தான். மறுபடி போட்டான். ஃபேன் அசையவே இல்லை.

கார்டைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் போட்டால் அது ஓடியது. அதிலேயே படத்தை ஓட்டிப் பார்த்தான். பத்தொன்பது மணி நேரம் பாக்கி என்று காட்டி, கொஞ்ச நேரத்தில் அதுவும் உறைந்தது. ஊரில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைகள் இரண்டுக்கும் போன் அடித்தான். ஒருவன் எடுக்கவில்லை, இன்னொருவன் குலசை தசராவுக்குப் போயிருந்தான்.

சபியுல்லா மீட்டரோடு வந்தார். எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு அது சரியாக இருக்கிறது என்றார். ஸ்லாட் பலகையும் பழுதில்லை. கார்டில்தான் உயிர் இல்லை. ராதாமணி அவருக்கு டீ போட உள்ளே போனாள். கார்டின் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கலாம் என்று சண்முகராஜ் ஒரு வெள்ளை ரப்பரை எடுத்து ஸ்லாட்டுக்குள் போய்க் கரண்ட் வாங்கும் அந்தத் தங்கக் கம்பிகளின் மேல் இழுத்தான். இரண்டு இழுப்பில் ரப்பரின் முனை சிவந்தது. சிவப்புக்கு அடியில் மஞ்சள். முகர்ந்து பார்த்தான். பன்னீர் வாசனை.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சபியுல்லா சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இதாலதான்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. கார்டும் பழசு. காலைல கரண்டும் ஏறி எறங்கித்தான் வருது. நம்ம வேற ஸ்டெபிலைசரப் பிரிச்சுப் போட்டுட்டு அதுக்குள்ளயே மாட்டிருக்கோம்."

சண்முகராஜ் ரப்பரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். ஃபேனில் வைக்காதே என்று மட்டும்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான். இந்த ஓரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நெருப்பைத் தொடாதே என்று யாராவது பெரியவர்களிடம் சொல்வார்களா? பாய் டீயைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு தங்கச்சி என்று சொல்லிவிட்டு, மீட்டர் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே போனார்.

மத்தியானம் வரைக்கும் கார்டைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்த்தான். பிறகு மதுரைக்குப் போன் செய்யச் சட்டைப் பையிலிருந்து போனை உருவினான். கூடவே ரப்பரும் விழுந்து, உருண்டு, தையல் மெஷின் பக்கம் போனது. போன் அதற்குள் மணியடித்துவிட்டது, மதுரையிலிருந்துதான். ராதாமணி குனிந்து எடுப்பதை அவன் பார்த்துக்கொண்டே பேசினான். சௌந்தரபாண்டியன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருக்கலாம். பெண்ணும் மாப்பிள்ளையும் மறுநாள் துபாய் கிளம்புகிறார்கள் என்றார். இரண்டு நாள் தவணை கேட்டதற்கு அதெல்லாம் முடியாது என்று தன்மையாகச் சொன்னார்.

"செஞ்ச வரைக்கும் போதும், டிஸ்க்க மூணு மணி பஸ்ல ஏத்திவிட்ருங்க. மிச்சத்த இங்க முடிச்சுக்கிறோம்."

அடுத்த கல்யாணத்தைப் பற்றிச் சண்முகராஜ் கேட்டான்.

"முதல்ல மிஷினச் சரிபண்ணுங்க அண்ணே. பெறகு பாப்போம்."

இந்த 'பெறகு பாப்போம்' அவனுக்குப் பழக்கமான ஒன்றுதான். இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ முதலாளிகள் இதே குரலில் சொல்லியிருக்கிறார்கள். போனைக் கீழே வைத்தான். டிஸ்கைப் பழைய துண்டில் சுற்றினான். திருப்பூர்க்காரனுடைய நம்பர் போனின் மேல்வரிசையிலேயே இருந்தது. பெட்டி மேஜையில் கறுப்பாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. கொசுவலையில் அவள் போட்ட தையல் ஒரே நேராக இருந்தது.

ராதாமணி ரப்பரை விரல்களில் புரட்டிப் பார்த்தாள். மெதுவாக நடந்துவந்து மேஜைக்கு எதிரில் நின்றாள்.

"ஏங்க, இதுல இருக்கது நான் வச்ச குங்குமமா?"

அவன் துண்டின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"அதுனாலயா போச்சு?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். சபியுல்லா சொன்ன காரணங்களும் பொய்யில்லை. கரண்ட் என்று சொல்லலாம், பழைய கார்டு என்று சொல்லலாம். ஆனால் அவனுக்கே நிச்சயமாகத் தெரியாததை நிச்சயமான குரலில் சொன்னால் அவள் உடனே கண்டுபிடித்துவிடுவாள். ஆமாம் என்று சொல்லவோ நாக்கு வராது. தப்பு தன் பேரில் என்று தொடங்கலாமா என்று யோசித்தான். எங்கே தொடங்கினாலும் அது அந்த மூன்று பொட்டில்தான் போய் முடியும்போலிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே கால்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றாள். "திருப்பூருக்கு எப்பம் வாரேன்னு சொல்லப் போறீங்க?"

அவன் துண்டு மூட்டையைக் கையில் எடுத்தான். அவள் ரப்பரைச் சிவந்த முனை கீழே போகிற மாதிரி பெட்டியின் மேல் வைத்தாள். பரணில் கிடந்த பழைய பயணப் பையை எடுக்க ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.