அன்று மரம் இறங்கவில்லை

சாவு விழுந்தால் அன்று குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. என் மகள் மூச்சில்லாமல் பிறந்த காலையில் மட்டும் எல்லோரும் கட்டுமரங்களை இழுத்தார்கள்.

"மூச்சே உடாத பிண்டத்துக்கு இன்னாத்துக்குத் தொழில நிறுத்தணும்?" என்றார் ஊர்த்தலைவரான நாட்டார்.

தீட்டு உடம்போடு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் முதல் மரத்தில் உட்கார்ந்தேன்.

"இவளும் இந்த ஊருதான். போறதுன்னா எங்களயும் சேத்து இழுத்துக்கினு போங்க."

என் புருஷன் துடுப்பை மணலில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன்பின் யாரும் கயிற்றைத் தொடவில்லை.

வெயில் ஏறியதும் ஒல்லாந்தர் கோட்டைச் சேவகன் வந்து, கோட்டைக்குத் தர வேண்டிய அன்றாட மீன் எங்கே என்று அதட்டினான்.

"ஊர்ல சாவு. நாளைக்கு வா" என்றார் நாட்டார்.

"யாரு செத்தது?"

நாட்டார் என் மடியைப் பார்த்தார்.

"எங்க கொயந்த."

குப்பத்து ஆட்களைக் கணக்கெழுதும் கோட்டை ஏட்டில் அவள் இல்லை. இல்லாவிட்டால் போகட்டும். அவளுக்காக அன்று ஒரு மரமும் நனையவில்லை.